மடியில் ஒரு முட்டைக்கோஸ்

முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது மடியிலிருந்த முட்டைக்கோஸ் இடப்பக்கம் உருள, மாசிலாமணி இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அணைத்த பிறகுதான் அணைத்தது அவனுக்கே தெரிந்தது. ஆக, கைக்குத் தெரிகிறது, மண்டைக்குத்தான் பயம். இடது கை அடியில், வலது கை மேலே, முழங்கை விலாவோடு ஒட்டி. இப்படித்தான் பிடிக்க வேண்டுமோ என்னவோ. கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது, நாற்பத்தைந்து வயசு ஆம்பிளை பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று யாரிடம் போய்க் கேட்பான். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஷகிலா சிஸ்டர் போனில் கூப்பிட்டபோது அவன் கோஸ் தோட்டத்தில் ராத்திரிக் காவல் முடிந்து இறங்கி வந்து, கருங்காப்பி டம்ளரைக் கையில் எடுத்தபடியே நின்றிருந்தான். பாப்பா அப்பாவா, உங்க வீட்டம்மா ரோசலினுக்குக் காய்ச்சலு, காய்ச்சல் விடற வரைக்கும் பிள்ளைகிட்ட விடமாட்டாங்க, பாப்பாவுக்கு நெஞ்சுச்சூடு வேணும், இப்பத்தான் கொஞ்சமா எடை ஏறுது, நிறுத்தினா மறுபடி இறங்கிரும், நீங்க குளிச்சிட்டு வாங்க, உங்க நெஞ்சுல வைக்கிறோம். நானா சிஸ்டர் என்றான். பின்ன, நானா, என்றாள் அவள், பட்டன் வச்ச சட்டையாப் போட்டுட்டு வாங்க, உள்ள பனியன் வேண்டாம். அவ்வளவுதான். தோட்டத்து முதலாளி போஜா கவுடரிடம் சொன்னபோது, வெறுங்கையோட ஆஸ்பத்திரிக்குப் போகாதே, வார்டுல இருக்கற ஆயாம்மாவுக்குக் கொண்டு போய்க் குடு என்று அவரே வரப்பில் இறங்கி, ஓரத்து வரிசையில் நின்ற நல்ல தலையாகப் பார்த்து அறுத்து, மேல் இலையை உரிக்காமல் கையில் வைத்தார். பைக்குள் போட்டிருக்கலாம். பை இருக்கிறது, காலடியில் சும்மாதான் கிடக்கிறது. கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி, ஏங்கண்ணா, பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆயிருச்சுங்களா, அரை டிக்கெட் போடட்டுமா என்றான். பக்கத்துச் சீட்டில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழ வைங்கண்ணா, உருண்டாலும் முன் சீட்டு வரைக்கும்தான போகும். இருக்கட்டும்மா. யாருக்குங்க? பிள்ளையப் பாக்கப் போறேன். பிள்ளைக்குப் போய் யாராச்சும் கோஸ் கொண்டு போவாங்களா, முட்டாயி வாங்கிட்டுப் போங்க. இன்னும் பல்லு முளைக்கலம்மா. அப்படியா, எத்தன மாசம் என்று கேட்டவளிடம், மாசமா, அவ இன்னும் வயித்துக்குள்ள இருக்க வேண்டியவ என்று சொல்ல வாய் வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜன்னலுக்கு வெளியே சரிவெல்லாம் கோஸ். படிப்படியாக, வரிசை வரிசையாக, பனி இன்னும் காயாமல். இந்த நிறத்துக்குப் பெயர் என்ன என்று அவன் பல வருஷமாக யோசித்திருக்கிறான். பச்சை இல்லை, நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. சாம்பல் பூசணிக்கு மேல் இருக்கிற வெண்பூச்சை எடுத்து ஆகாசத்தின் மேல் தடவினால் வருமே, அது. விரலால் ஒரு கோடு இழுத்தால் பூச்சு போய் அடியில் பளபளவென்று பச்சை தெரியும், இழுத்த கோடு அறுக்கிற நாள் வரை அப்படியே இருக்கும். காவலிருக்கும்போது ஒரு காரியமும் இல்லாமல் அவன் இலைகளில் கோடு இழுப்பான், ஒரு மீன், ஒரு ஜன்னல், ரோசலினின் மூக்கு. கவுடர் பார்த்துவிட்டு, எலேய் மணி, கோசுக்கெல்லாம் பச்சை குத்தி அனுப்புறியா, மண்டிக்காரன் என்னைக் கேக்கறான் என்றார். கேட்கட்டுமே. எந்த ஊர்க் கல்யாண வீட்டிலோ பந்திக்குப் பொரியல் அரிகிற பெண் ஒருத்தி ரோசலின் மூக்கைப் பார்த்திருப்பாள், பார்த்தும் அரிந்திருப்பாள், பொரியலில் தேங்காய்ப்பூவோடு மூக்கும் போயிருக்கும், மாப்பிள்ளையின் சித்தப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருப்பார். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம்கூட உண்டு கோசுக்கு. யாரும் நம்பமாட்டார்கள். காற்று நின்று, தூரத்தில் நாயும் ஓய்ந்த பிறகு, ரப்பர் செருப்பு ஈரத்தரையில் உரசுவதுபோல் கிறீச்சென்று ஒரு சத்தம், அங்கே ஒன்று, இங்கே ஒன்று. உள்ளே இலை வளர்ந்து வெளி இலையை முட்டுகிறது, வெளி இலை விடமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு இலையும் அடுத்ததைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கடைசியில் நடுவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத அளவுக்கு. இறுக்கம்தான் கோசுக்கு உயிர். இறுகவில்லை என்றால் அது கீரைதான், மாடுகூடத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். இறுகாவிட்டால். நினைப்பு அங்கே வந்து நின்றுகொண்டது மறுபடியும்; எங்கே சுற்றினாலும் அந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது, கீழே கிடந்த பையைக் காலால் தள்ளி வைத்தான், ஒன்றுமில்லாத பை.

கோஸ் அறுக்கிறவனுக்குக் கண் இரண்டாம் பட்சம். கட்டைவிரல்தான் கண். ராத்திரி காவல், காலையில் அறுப்பு என்று எத்தனையோ வருஷம். குனிந்து, உச்சியில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து. கல் மாதிரி நின்றால் தலை கட்டிவிட்டது, அறு. கொஞ்சம் உள்ளே போனால் இளசு, விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ. பொதுக்கென்று போனால் உள்ளே அழுகல், பிடுங்கி எறி. இதை யோசித்துச் செய்கிறவன் ஒரு வரிசைகூட முடிக்கமாட்டான். விரல் தானாகப் போகும், பதில் தானாக வரும். அப்படித்தான் போனது அன்றைக்கும். ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் படுக்க வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் கை விடுகிறதற்கு வட்டமாக ஒரு துவாரம். தொட்டுப் பாருங்கப்பா, அவளுக்கும் உங்க கை தெரியட்டும் என்றாள் ஷகிலா சிஸ்டர். சோப்புப் போட்டுக் கழுவிய கையை உள்ளே விட்டான். காலைத் தொடலாம் என்றுதான் நினைத்தான், கால் அவன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, தொட்டால் ஒடிந்துவிடுமோ என்று ஒரு நொடி தயங்கினான், அந்த ஒரு நொடியில் கட்டைவிரல் போய் உச்சியில் உட்கார்ந்துவிட்டது. அவன் வைக்கவில்லை. அது போய் உட்கார்ந்தது. ஒரு அழுத்து. உள்ளே போயிற்று. மெல்ல, ஆனால் போயிற்று. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இல்லை, தோலுக்கு அடியில் என்னவோ ஒன்று துடித்து விரல் நுனியைத் தட்டியது. தலை கட்டவில்லை. அவன் நினைத்தது அதுதான், சாமி சத்தியமாக அந்த வார்த்தைதான் வந்தது. கையை வெளியே இழுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு சிஸ்டர் என்றான். பஸ்ஸுக்கு ஒரு நேரமும் ஆகவில்லை. அதற்குப் பிறகு போனபோதெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றான், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சர்ச்சில் பூசை பார்க்கிறவன் மாதிரி. ஒருதரம் சுற்றிவளைத்துக் கேட்டும் பார்த்தான். பிள்ளை நல்லாயிருக்கா சிஸ்டர், தலை எல்லாம்? தலைக்கென்ன, முடி இருக்கு பாருங்க, உங்கள விட ஜாஸ்தி. அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே பயந்தான். அமுங்கின இடம் மேலே வந்ததா, அப்படியே நின்றுவிட்டதா. பழுத்த தக்காளியில் விரல் பட்டால் பட்ட இடம் மறுநாள் தெரியும். நாளைக்கு அவள் பள்ளிக்கூடம் போய்க் கணக்கில் தோற்றால், ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடப் போவதும் இதே கைதானே. பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. அவன் யாருக்கும் தெரியாமல் கோஸின் உச்சியில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தான். கல். என்ன ஒரு கல். போஜா கவுடர் போஜா கவுடர்தான்.

என்னண்ணா, டாக்டரு மாதிரி அமுக்கிப் பாக்கறீங்க என்றாள் மஞ்சள் ஸ்வெட்டர். பழக்கம்மா. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், மார்க்கெட்டுல எல்லாத்தையும் அமுக்கிட்டு ஒண்ணும் வாங்காம வருவாரு. அவளுடைய பெரிய சிரிப்பு பஸ்ஸுக்கே சூடு கொடுத்தது. ரோசலினும் இப்படித்தான் சிரிப்பாள், உட்கார இடம் தேடிக்கொண்டு சிரிப்பாள். கல்யாணமான புதுசில் கண்காட்சிக்குப் போனார்கள். ரோஜாவைப் பார்க்கலாம் என்று அவளும், தின்பதற்கு ஏதாவது பார்க்கலாம் என்று அவனும். பார்க்கின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு காட்டுமாடு, முழுக்கக் கோசும் கேரட்டும் குத்திச் செய்தது. கால் முட்டிக்குக் கீழே வெள்ளை முள்ளங்கி, நெஞ்சு நெடுக ஊதாக் கோஸ், கண்ணுக்குக் கத்தரிக்காய். சனங்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி பூரா கோஸ் தின்ன வர்ற மாட்டை வெரட்டறேன், இங்க கோஸே மாடா வந்து நிக்குது, இத யாரு வெரட்டறது என்று அவன் கேட்க, அவள் புல்வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். அவனுக்கு அன்றைக்குத்தான் கல்யாணமானது மாதிரி இருந்தது. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிச்சமிருந்த நீலத்தைத் தட்டில் கரைத்து, ஒரு கோஸை நெடுக்கே பிளந்து, தோய்த்துத் தோய்த்துச் சுவரில் அவள் ஒற்றினாள். நடுத்தண்டு மரமாயிற்று, மடிப்பெல்லாம் கிளையாயிற்று, மரத்துக்குள் மரம், அதற்குள் இன்னொரு மரம். என்ன இது? காடு. காட்டுமாடு எங்க? அதத்தான் நீங்க வெரட்டிவிட்டீங்களே. கோடையில் ஸ்கேன் எடுத்தார்கள், கறுப்பு வெள்ளையில் ஒரு காகிதம், ஒன்றுமே புரியவில்லை, தலைகீழாகத் திருப்பினால் அதே சுவர்தான், வெட்டின கோஸ். சொன்னான். சொல்லியிருக்க வேண்டாமோ. அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கோசுன்னா மூணு மாசத்துல அறுத்திருவீங்க, இதுக்குப் பத்து மாசம், அருவாளத் தூக்கிட்டு வந்துராதீங்க, பொறுங்க என்றாள். அவன் பொறுத்துக்கொண்டுதான் இருந்தான். பிள்ளைதான் பொறுக்கவில்லை. யாருடைய அவசரம் அவளுக்கு வந்தது, இரண்டு பேருமே நிதானம்தான், மாட்டை விரட்டும்போதுகூட அவன் மெதுவாகத்தான் தகரம் தட்டுவான், பாவம், அதற்கும் பசிதானே. காதடைத்தது. பஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. பாக்கு மரங்கள் வந்தன, குரங்குகள் வந்தன, வெயில் ஜன்னல் வழியாக வந்து கோஸின் மேல் உட்கார்ந்தது, மேல் இலை லேசாக வாடி நுனி மடங்கியது. அவன் இடுப்பிலிருந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டான். மஞ்சள் ஸ்வெட்டர் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தபடி அதைப் பார்த்தாள், இறங்கும்போது, பிள்ளைய நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கங்கண்ணா, ஒண்ணும் ஆகாது, அதுங்க நம்மள விடக் கெட்டி என்றாள்.

கெட்டி. கெட்டி என்றா சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தா வரை அந்த வார்த்தையைச் சப்பிக்கொண்டே நடந்தான், எலுமிச்சை முட்டாய் மாதிரி, கன்னத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கோஸை ஆயாம்மாவிடம் கொடுத்தபோது, அடேயப்பா, இன்னிக்கு எங்க வீட்டுல கூட்டு என்று அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள், மடி காலியாகி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிள்ளைகள் வார்டுக் கதவுக்கு வெளியே தள்ளி ரோசலின் நின்றாள், துண்டால் மூக்கையும் வாயையும் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய. காய்ச்சலில் கண் பளபளத்தது. கிட்ட வராதீங்க, அங்கயே நில்லுங்க. குளிச்சீங்களா? ரெண்டு தடவ. நகம்? அவன் கையை நீட்டிக் காட்டினான். பச்சக் கறை போகலியே. அது எங்க போகும். போகாட்டிப் போகுது, யாரு பிள்ளைன்னு அவளுக்கும் தெரியட்டும். அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. கட்டைவிரல் நடுவில் தனியாக நின்றது. ரோசி, அன்னைக்கு நான், என்று ஆரம்பித்தான். வராந்தாவில் யாரோ தூக்குவாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது, இப்போது சொல்லாவிட்டால் உள்ளே போக முடியாது, உள்ளே போகாவிட்டால் பிள்ளைக்குச் சூடு கிடையாது, அவ்வளவுதான் கணக்கு. அன்னைக்கு நான் தலைய அமுக்கிட்டேன் ரோசி. கோஸ அமுக்கற மாதிரி. வேணும்னு இல்ல. விரல் போயிருச்சு. உள்ள அமுங்குச்சு. துண்டுக்கு மேலே அவள் கண் பெரிதாகி, சுருங்கி, பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று அவன் ஓர் அடி எடுத்து வைத்தான், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள், நிறுத்திவிட்டு உட்கார இடம் தேடினாள், அப்போதுதான் அவனுக்கு அது சிரிப்பு என்று புரிந்தது. சிரிப்பும் இருமலுமாக அவள் சொன்னாள், நானும் அமுக்கினேங்க. என்ன? நானும்தான. நான் மட்டும் என்ன பூப்பறிக்கவா போனேன், பத்து வருசமா உங்க பக்கத்து வரிசையிலதான கோஸ் அறுக்கறேன். மொத நாளே போயி அமுக்கிட்டேன். குழி இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், இவ்வளவு பொதுக்குனு இருக்கும்னு யாரு கண்டா. ராத்திரியெல்லாம் அழுதுட்டு, காலைல சிஸ்டரக் கேட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தானாம், மெல்லத்தான் மூடுமாம், ஒண்ணரை வருசம்கூட ஆகுமாம். எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல. சொன்னா நீங்க பயந்துருவீங்கன்னுதான். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். ஒண்ணரை வருசம். சரி, கெட்டியாகட்டும், மெதுவா ஆகட்டும் என்றான். ரெண்டு பேரும் அமுக்கியிருக்கம், அப்பவும் பாருங்க எடை ஏறிட்டிருக்கா, என்றாள் ரோசலின்.

சட்டைப் பட்டனைக் கழட்டுங்கப்பா என்றாள் ஷகிலா சிஸ்டர். சாய்வு நாற்காலி, அதன் மேல் பச்சைத் துணி, ஜன்னலில் வெயில். வெட்கமாக இருந்தது, நெஞ்சில் நரைமுடி இருந்தது, அதற்கும் வெட்கமாக இருந்தது. கை சில்லுனு இருக்கா, தேய்ச்சுக்கங்க. தேய்த்தான். மாடு விரட்டி, தகரம் தட்டி, அருவாள் பிடித்துக் காய்ப்பேறின கை, தேய்த்தால் உப்புத்தாள் சத்தம் வருகிறது, இதையா அவள் முதுகில் வைப்பது, பருத்தித்துணி சுற்றிக்கொண்டு வைக்கலாமா என்று கேட்க நினைக்கும்போதே சிஸ்டர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஒரு குல்லாவும் இரண்டு காலுறையும் இடுப்பில் ஒரு கைக்குட்டை அளவு துணியும் மட்டுமே உடுத்தியிருந்த அவளை எடுத்துக்கொண்டு வந்தாள். சிஸ்டர், ஒரு நிமிசம். ஒரு நிமிசமெல்லாம் கிடையாது, குளிரும் அவளுக்கு. வைத்துவிட்டாள். எடையே இல்லை. இருந்தது, இல்லாமலில்லை, கோசுக்கு எடை கீழே இழுக்கும், இது கீழே இழுக்கவில்லை, உள்ளே பார்த்து இழுத்தது. ஒரு கன்னம் நெஞ்செலும்பின் மேல். மூச்சு விடுகிறாள், விடுகிறாள், விடவில்லை, எங்கே, விட்டாள். ஒரு கைய அடியில குடுங்க, இன்னொரு கைய முதுகுல, அப்படித்தான், என்னப்பா ஏற்கெனவே தெரியுமா உங்களுக்கு. அவன் தலையை ஆட்டினான், ஆமென்றா இல்லையென்றா அவனுக்கே தெரியவில்லை. குல்லாவுக்குக் கீழே முடி, முடிக்குக் கீழே அந்த இடம், அவன் மோவாயிலிருந்து ஒரு சாண்கூட இல்லை, டக் டக் டக்கென்று அங்கே ஓடுவது இங்கே நெஞ்சுக்குள் ஓடுவதைவிட வேகம், சின்னப் பிள்ளை பெரியவனை முந்திக்கொண்டு ஓடுகிற மாதிரி. ஓடட்டும், ஓடு தாயி, நான் பின்னால வர்றேன். அவள் விரல் ஒன்று விரிந்து அவன் நெஞ்சு முடியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. வலித்தது. இவ்வளவு நல்ல வலியை அவன் அனுபவித்ததில்லை. கதவின் சதுரக் கண்ணாடியில் ரோசலினின் கண்கள் தெரிந்தன, அவன் பார்த்தான், அவளுக்குச் சைகை காட்டக் கை இல்லை, இரண்டு கையும் வேலையில் இருந்தது. அப்போதுதான் வயிற்றுப்பக்கம் சூடாக ஏதோ பரவியது. தொப்புளைச் சுற்றிக்கொண்டு இடுப்புப் பக்கம் இறங்கியது. அவனுக்கு ஒரு கணம் எல்லாம் நின்றது, ரத்தம், எங்கேயோ என்னவோ உடைந்துவிட்டது, நான்தான், என் கைதான் என்று மண்டை குதித்தது, எழுந்து ஓடு என்றது, கத்து என்றது. கை அசையவில்லை. அடியில் கொடுத்த கை அடியிலேயே, முதுகில் வைத்த கை முதுகிலேயே இருந்தது. சிஸ்டர், என்றான், குரல் எங்கிருந்தோ வந்தது, சிஸ்டர், இங்க, என்னமோ ஈரமா. ஷகிலா சிஸ்டர் குனிந்து பார்த்தாள். ஒண்ணுக்குப் போயிட்டா உங்க மக, துணியெல்லாம் தாண்டிருச்சு, உங்க வேட்டியும் போச்சு. ஒண்ணுக்கா? பின்ன, பால் குடிச்சா போக வேண்டாமா. சிஸ்டர் கையை நீட்டினாள். நனைஞ்சிருச்சே, குடுங்க, துணி மாத்திட்டுத் தர்றேன்.

இருங்க சிஸ்டர், என்றான் மாசிலாமணி, இன்னும் முடிக்கல போலிருக்கு.